முதலில் கண்டிக்கோட்டா, அப்புறம் கிராண்ட் கேன்யன்

மயிலாப்பூரில் எந்த அடுக்ககத்தில் நுழைந்தாலும், தளத்துக்கு ஒரு வீட்டிலாவது பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருப்பார்கள். அப்பா அம்மாவை வரவழைத்தால் முதல் தடவை நயாகரா, அடுத்த தடவை கிராண்ட் கேன்யன். எழுதப்படாத சட்டம் இது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், "அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தாச்சா?" என்ற கேள்வி, "காசிக்குப் போயாச்சா?" என்பதைவிட முன்னால் வரும்.

எங்கள் வீட்டுக்கும் முறை வந்துவிட்டது. ஃபீனிக்ஸில் இருக்கும் என் அண்ணா பையன் ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருக்கிறான். லாஸ் வேகாஸில் ஆரம்பித்து ஜயான், பிரைஸ் கேன்யன், பேஜ், மான்யுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன், திரும்ப வேகாஸ். பயணிகள் அண்ணா, மன்னி, நான். தேதி, ஊர், எத்தனை மைல், எத்தனை மணி நேரம், எந்த ஹோட்டல், என்ன வாடகை என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தான். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அவ்வளவு சுத்தம்.

படித்துவிட்டு ஃபோன் பண்ணினேன்.

"ஏண்டா, இதுல ரெண்டு காலம் இல்லையே?"

"என்ன காலம், அத்தை?"

"வெயில் எந்த மணிக்கு எங்கே அடிக்கும்னு ஒண்ணு. தண்ணி எங்கே கிடைக்கும்னு ஒண்ணு."

"அதெல்லாம் போற வழியில பார்த்துக்கலாம் அத்தை. ஜிபிஎஸ் இருக்கு."

ஜிபிஎஸ் வழி சொல்லும். மத்தியானம் இரண்டு மணிக்கு முழங்கால் வலிக்காரரான அண்ணாவை எந்த நிழலில் உட்கார வைப்பது என்று சொல்லாது. வறண்ட பூமியில் ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுவது என்றால், ரோட்டை வைத்துப் போடக்கூடாது. தண்ணீரையும் வெயிலையும் வைத்துத்தான் போட வேண்டும். அதனால் ஒரு நிபந்தனை வைத்தேன். மார்கழிக் கச்சேரிக்கு அவன் வருகிறான் அல்லவா, தை பிறந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஒத்திகை. மயிலாப்பூரிலிருந்து 350 கிலோமீட்டர் சொச்சத்தில் நமக்கே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆந்திராவில், கடப்பா மாவட்டத்தில், பெண்ணாறு பாறையைப் பிளந்துகொண்டு ஓடும் கண்டிக்கோட்டா. நான் ஏற்கெனவே பார்த்த இடம்தான். இந்தத் தடவை வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறேன். அந்தத் திட்டம்தான் இந்தப் பதிவு. அதில் எது எது அமெரிக்க ஷீட்டுக்கும் பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ரூட் பழசு

சென்னையிலிருந்து கண்டிக்கோட்டாவுக்கு ரோடு ட்ரிப் போவது இன்ஸ்டாகிராம் காலத்துப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். 1652-ல் பிரெஞ்சு ரத்தின வியாபாரி டாவர்னியே, புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்து தங்கிவிட்டு, இங்கேயிருந்து கண்டிக்கோட்டாவுக்குத்தான் போனார். அங்கே அப்போது கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இருந்தார். விஜயநகரத்தின் கீழ் இருந்த பெம்மசானி நாயக்கர்களிடமிருந்து அந்தக் கோட்டையைப் பிடித்துச் சில காலம்தான் ஆகியிருந்தது. மீர் ஜும்லா போர்வீரர் மட்டுமல்ல, வைர வியாபாரத்திலும் பெரிய கை. அவரிடம் விற்பதற்காக முத்தும் ரத்தினமும் எடுத்துக்கொண்டு போனார் டாவர்னியே. போன வழியையும் பார்த்த ஊர்களையும் விவரமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த ரூட்டின் முதல் பயணப் பதிவர் என்றே அவரைச் சொல்லலாம்.

தண்ணீரை எதிர்த்து ஒரு பயணம்

திருப்பதி பக்கம் போகச் சென்னைக்காரர்களுக்கு இரண்டு வழி. ஒன்று திருவள்ளூர், திருத்தணி. இன்னொன்று செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. நான் இரண்டாவதைத்தான் போட்டிருக்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால், ஆர்.கே.மடம் சாலையில் மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புகளைக்கூடத் தொந்தரவு இல்லாமல் தாண்டிவிடலாம். ஊத்துக்கோட்டையில் பொழுது விடியும்.

ஏன் ஊத்துக்கோட்டை? அங்கேதான் கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 'ஜீரோ பாயின்ட்' என்று பேப்பரில் அடிக்கடி படிப்போமே, அது இங்கேதான். 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது போட்ட ஒப்பந்தம். தண்ணீர் முதலில் வந்து சேர்ந்தது 1996-ல். ஸ்ரீசைலத்தில் எடுத்து, பல அணைகள் தாண்டி, நெல்லூர் பக்கம் சோமசீலாவுக்கு வந்து, அங்கிருந்து கண்டலேறு, அப்புறம் கால்வாய். எல்லையிலிருந்து பூண்டி ஏரிக்கு 25 கிலோமீட்டர்.

சோமசீலா அணை எந்த ஆற்றின் குறுக்கே இருக்கிறது தெரியுமா? பெண்ணாற்றின் குறுக்கே. கண்டிக்கோட்டாவில் பாறையைப் பிளந்த அதே ஆறு. அங்கே பிளவுக்குள் ஓடும் தண்ணீரில் கொஞ்சமாவது சோமசீலா, கண்டலேறு வழியாகச் சென்னை வரை வந்திருக்கும். ஆகவே நாம் போவது, ஊர் குடிக்கிற தண்ணீரை எதிர்த்து, மேல்நோக்கி.

பையனிடம் இதைச் சொன்னபோது ஒரு விநாடி பேச்சில்லை. ஃபீனிக்ஸுக்கும் இதே கதைதான். கொலராடோ ஆற்றின் தண்ணீரைப் பாலைவனத்தின் குறுக்கே ஏறக்குறைய 540 கிலோமீட்டர் கால்வாயில் அந்தப் பக்கம் கொண்டுபோகிறார்கள். கிராண்ட் கேன்யனைக் குடைந்த ஆறு, குழாய் வழியாக அவன் ஊருக்குள்ளும் வருகிறது. எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு போனால், விளிம்பில் நின்று பார்க்கும்போது கீழே ஓடுவது வெறும் பச்சைக் கோடாகத் தெரியாது.

போகிற வழியில்

ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனதும் சுருட்டப்பள்ளி. சிவன் படுத்த கோலத்தில் இருக்கும் பள்ளிகொண்டீஸ்வரர் கோயில். மன்னி இறங்காமல் விடமாட்டாள். நாகலாபுரம், புத்தூர், ரேணிகுண்டா. அதற்கப்புறம் லாரிகள் பெருகும். மலைகள் கிட்டே வரும். மண் சிவக்க ஆரம்பிக்கும். இடது கைப்பக்கம் தெரிவது செம்மரம் விளையும் சேஷாசலம்.

ராஜம்பேட்டைக்குப் பக்கத்தில் தாள்ளபாக்கா. அன்னமாச்சார்யர் பிறந்த ஊர். சீசனில் சபா சபாவாக ஏறி இறங்கி அவர் பாட்டைக் கேட்கிறோம், அவர் ஊரில் ஐந்து நிமிஷம் நிற்காமல் போவது நியாயமா? இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயில். டாவர்னியே வியந்து எழுதிய கோயில்களில் ஒன்று. பத்ராசலம் தெலங்கானாவுக்குப் போய்விட்டதால், ஆந்திர அரசு ராமநவமியை இப்போது இங்கேதான் எடுக்கிறது. கல் மண்டபத்துக்குள் நல்ல நிழல். காலை வெயில் ஏறும் நேரத்துக்கு ஏற்ற இடம்.

இந்தப் பகுதியை நினைத்தாலே இன்னொன்றும் நினைவுக்கு வரும். 2021 நவம்பர் 19. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்ததில், ராஜம்பேட்டைப் பக்கம் செய்யேறு ஆற்றில் இருந்த அன்னமய்யா அணையின் மண் கரை அடித்துக்கொண்டு போனது. கீழே இருந்த கிராமங்களில் பல உயிர்கள் போயின. வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கிற ஆறு அது. வறண்ட பூமியில் தண்ணீர் இல்லாதது ஒரு பயம் என்றால், திடீரென்று வருவது அதைவிடப் பெரிய பயம். மண்ணும் பாறையும் உறிஞ்சிக்கொள்ளாது. பெய்ததெல்லாம் ஒரே ஓட்டமாக வந்துவிடும்.

அமெரிக்க ஷீட்டில் பேஜ் என்று ஒரு ஊர் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில்தான் ஆன்டிலோப் கேன்யன். ஆள் ஒருவர் ஒடுங்கி நடக்கிற அகலத்தில் ஆரஞ்சு நிறப் பாறைச் சந்து. எல்லார் ஃபோனிலும் படம் இருக்கும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அதன் கீழ்ப் பகுதிக்குள் வெள்ளம் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது அவர்கள் தலைக்கு மேல் அல்ல, பல கிலோமீட்டர் தள்ளி. அதனால் அந்த நாட்களில் ஊரின் வானிலையை மட்டும் பார்த்தால் போதாது, ஆற்றின் மேல்பக்கத்து வானிலையையும் பார்க்க வேண்டும் என்று ஷீட்டில் சிவப்பு எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். அங்கே நினைத்த நேரத்துக்கு நுழையவும் முடியாது. அது நவஹோ மக்களின் நிலம். அவர்களுடைய வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம்.

நம் சமையலறைக் கல்லின் ஊர்

கடப்பா தாண்டி எர்ரகுண்ட்லா, முத்தனூர், ஜம்மலமடுகு. வழியெல்லாம் சிமென்ட் ஆலைகள், கல் குவாரிகள், பலகை பலகையாக அறுத்துச் சாய்த்து வைத்த கருங்கல் நிறச் சுண்ணாம்புக்கல். சென்னையில் கொஞ்சம் பழைய வீடு என்றால் சமையல் மேடை, அலமாரித் தட்டு, பரண் எல்லாமே கடப்பாக் கல்தான். எங்கள் வீட்டு மேடை அம்மா காலத்துக் கல். ஒரு ஓரத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து பிழிந்து வெளுத்துப்போன திட்டு இருக்கிறது. சுண்ணாம்புக்கல் புளிப்புக்குக் கரையும். அந்தத் திட்டைப் பையனுக்கு வீடியோ காலில் காட்டிவிட்டுத்தான் பேலம் குகையைப் பற்றிச் சொன்னேன். புளிப்பேறிய மழைத்தண்ணீர் இதே வேலையை லட்சக்கணக்கான வருஷங்கள் செய்தால் என்ன ஆகும்? பேலம் ஆகும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கண்டிக்கோட்டா: காலை, மாலை மட்டும்

ஜம்மலமடுகிலிருந்து கண்டிக்கோட்டா 15 கிலோமீட்டர். கோட்டை வாசலுக்குள்ளேயே ஊர் இருக்கிறது. ஆடு, கோழி, திண்ணை எல்லாம் தாண்டித்தான் போக வேண்டும். ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா ஹோட்டல் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூடாரம் வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. அண்ணாவின் முழங்காலுக்குக் கட்டில்தான் சரி.

மத்தியானம் வந்து சேர்ந்தாலும் விளிம்புக்கு உடனே ஓடக்கூடாது. நிழலே இல்லாத பாறை அது. சாப்பிட்டுப் படுத்து எழுந்து, நாலரை மணிக்குக் கிளம்பினால் போதும். முதலில் மாதவராயர் கோயில் கோபுரம், பிறகு ஜும்மா மசூதி, அதன் பக்கத்தில் தானியக் களஞ்சியம், அப்புறம் ரங்கநாதர் கோயில். வழிபாடு நின்றுபோன கோயில்கள்; கல் வேலையை நின்று நிதானமாகப் பார்க்கலாம். அதைத் தாண்டினால் பாறைக் குவியல்கள். அவற்றின் மேல் கை ஊன்றி ஏறினால், சட்டென்று பூமி முடிந்துவிடும்.

கீழே பெண்ணாறு, பாசி படர்ந்த பச்சையில். இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறை, ஏறக்குறைய நூறு மீட்டர் ஆழம். பாறை உருண்டையாக இல்லை. நேர்கோட்டில் வெடித்து, சதுரம் சதுரமாக, பெட்டிகளை அடுக்கின மாதிரி நிற்கிறது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் மெல்லிய வரிகள். தொட்டால் மணல் உதிராது. வழவழவென்று, வெயில் இறங்கிய பிறகும் சூடாக இருக்கும். மணலாகப் படிந்து, அமுங்கி, இறுகி, குவார்ட்சைட் ஆன பாறை. புவியியல்காரர்கள் அதற்கு இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வயது நூறு கோடி வருஷத்தைத் தாண்டும். அந்த வரிகள் எந்தக் காலத்திலோ ஆழமில்லாத கடலோரத்தில் படிந்த மணல் அடுக்குகள்.

கைப்பிடிக் கம்பியை நம்பி நிற்காதீர்கள். விளிம்பில் பெரும்பாலான இடங்களில் எதுவுமே இல்லை. செல்ஃபி எடுக்கப் பின்னால் நகர்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கையை விடக்கூடாது. இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும், டார்ச் கையில் இருந்தாலும். மறுநாள் விடியலில் இன்னொரு தடவை போகலாம். கிழக்கு வெளுக்கும்போது முதலில் மேல் அடுக்கு சிவக்கும், அப்புறம் வெளிச்சம் படிப்படியாக ஆற்றுக்கு இறங்கும்.

இதை 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளம், ஒரு மைல் ஆழம். அதோடு ஒப்பிட்டால் இது ஒரு வாய்க்கால். ஆனால் அங்கே விளிம்பில் நின்றால் ஆற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே ஆறு கண் முன்னால் இருக்கிறது, எதிர்க்கரைப் பாறையின் வெடிப்பை எண்ணலாம். ஆறு எப்படிப் பாறையை அறுக்கிறது என்று புரிய வேண்டுமானால் சின்னதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

வெயில் நேரத்துக்கு ஒரு குகை

மறுநாள் பத்து மணிக்கு மேல் விளிம்பில் வேலை இல்லை. அந்த நேரத்துக்குத்தான் பேலம் குகை. வண்டியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 3,229 மீட்டர் நீளம் அளந்திருக்கிறார்கள்; அதில் ஏறக்குறைய பாதியை நாம் நடந்து பார்க்கலாம். வெயில் இல்லையே தவிர, புழுக்கம் அதிகம். குழாய் வைத்து உள்ளே காற்று அனுப்புகிறார்கள், அப்படியும் சட்டை நனைந்துவிடும். இறங்குவதற்கு முன்னாலேயே தண்ணீர் குடித்துவிட வேண்டும். தாழ்வான இடங்களில் குனிந்து போகணும். அண்ணா பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளட்டும். கடைசியில் பாதாள கங்கை. கல்லுக்குள் ஓடிக் கல்லுக்குள்ளேயே மறையும் ஒரு ஓடை.

இந்தக் குகையை 1884-ல் எழுத்தில் பதிந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பல்லாவரம்காரர்களுக்குத் தெரிந்த பெயராக இருக்க வேண்டும். 1863-ல் பல்லாவரத்தில் சரளை மண்ணிலிருந்து கற்காலக் கைக்கோடரியைப் பொறுக்கி எடுத்து, இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகத்துக்குக் காட்டியவர். அவர் சேர்த்த கற்கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. கிளம்புவதற்கு முன் ஒரு நாள் பையனை அங்கே கூட்டிப்போவதும் திட்டத்தில் உண்டு.

ஃபூட் இங்கே மாட்டு வண்டியிலும் குதிரையிலும் அலைந்த அதே காலத்தில், அங்கே ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். 1869-ல் நாலு படகு, ஒன்பது ஆட்களோடு கொலராடோ ஆற்றில் இறங்கி, கிராண்ட் கேன்யனை ஆற்று வழியாகக் கடந்தார். முடிவில் படகுகளில் மிஞ்சியது ஆறு பேர். 1878-ல் அவர் கொடுத்த அறிக்கையின் சாரம் இதுதான்: மேற்கில் தண்ணீர் குறைவு, அங்கே நிலத்தைச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டுப் பிரிக்காதீர்கள், தண்ணீர் எப்படிக் கிடைக்கிறதோ அதை வைத்துப் பிரியுங்கள். யாரும் கேட்கவில்லை. நிலத்தைச் சதுரம் சதுரமாகவே பிரித்துக்கொண்டு போனார்கள். இன்று கொலராடோ தண்ணீருக்கு ஏழு மாநிலங்கள் மல்லுக்கு நிற்கின்றன. நான் ஷீட்டுக்குச் சொன்னதைத்தான் அந்த மனிதர் ஒரு நாட்டுக்கே சொல்லியிருக்கிறார்.

பேலத்திலிருந்து தாடிபத்ரி. பெண்ணாற்றங்கரையில் விஜயநகர காலத்துக் கோயில்கள் இரண்டு. ஆற்றை ஒட்டி இருக்கும் புக்கா ராமலிங்கேஸ்வரர் கோயிலில் லிங்கத்தின் அடியில் ஊற்று. கோபுரத்துக் கல்லில் ஒரு விரலளவு இடமும் சும்மா விடவில்லை. வறண்ட ஆற்றின் கரையில் ஊற்று கிடைத்த இடத்தில் கோயில் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துத் திட்டக்காரர்கள் தண்ணீர்க் காலத்தை மறக்கவில்லை.

அமெரிக்க ஷீட்டில் என்ன மாறியது

ஒத்திகை நடப்பதற்கு முன்னாலேயே பையன் ஷீட்டைத் திருத்தி அனுப்பிவிட்டான். அதில் மன்னி மாதிரி பி2 விசாவில் போகிற பெற்றோர்களுக்கு உதவும் விஷயங்கள் சில:

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம் ஊட்டி. பாலைவனம் என்று நினைத்துப் பருத்திப் புடவையோடு போனால் நடுங்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் பனி கொட்டும். ஆனால் கீழே ஆற்றங்கரையில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். கோடையில் காலை பத்திலிருந்து மாலை நாலு வரை உள்ளே இறங்கி நடக்காதீர்கள் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். கண்டிக்கோட்டாவுக்கு நான் போட்ட அதே நேரக் கணக்கு.

தண்ணீர் அங்கேயும் லேசில்லை. தெற்கு விளிம்பு விடுதிகளுக்கு எதிர்ப்பக்கத்து ஊற்றிலிருந்து, பள்ளத்தாக்கைக் கடந்து ஒரு பழைய குழாய் வருகிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் அது பல இடத்தில் உடைந்து, பூங்காவுக்குள் இரவு தங்குவதையே சில நாட்கள் நிறுத்திவிட்டார்கள். ஆகவே பூங்காவுக்கு வெளியே ஒரு மாற்று அறை யோசித்து வைத்திருக்க வேண்டும்.

யூட்டாவில் ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே 110 மைல் பெட்ரோல் பங்க் கிடையாது. கிட்டத்தட்ட மயிலாப்பூரிலிருந்து திண்டிவனம் தாண்டி விழுப்புரம் வரை ஒரு டீக்கடைகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் திரும்பினால் டேங்க்கை நிரப்பிவிட்டுத்தான் போக வேண்டும்.

அரிசோனாவில் கடிகாரத்தைக் கோடைக்கு மாற்றுவதில்லை. அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ நிலத்தில் மாற்றுகிறார்கள். ஃபோன் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். டிக்கெட்டில் போட்ட நேரம் எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளணும்.

2026 ஜனவரியிலிருந்து, அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குக் கிராண்ட் கேன்யன், ஜயான், பிரைஸ் உட்பட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். வெளிநாட்டவருக்கான வருஷ பாஸ் 250 டாலர். பெற்றோர் கணக்கில் இதைச் சேர்க்காமல் பட்ஜெட் போடாதீர்கள்.

இரண்டு காலமும் போட்டுப் பார்த்ததில் மான்யுமென்ட் வேலி விழுந்துவிட்டது. பிரைஸில் ஒரு ராத்திரி கூடியது. மத்தியானம் முழுக்க வண்டியில் உருளுவது குறைந்தது. பதிலுக்கு மன்னிக்கு ஒரு சமாதானம் சொல்லியிருக்கிறேன். கிராண்ட் கேன்யனுக்குள் நிற்கும் பாறைக் குன்றுகளுக்கு 'விஷ்ணு டெம்பிள்', 'பிரம்மா டெம்பிள்', 'சிவா டெம்பிள்' என்று பெயர். 1880-களில் கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியல்காரர் ஆரம்பித்து வைத்த வழக்கம். அடியாழத்தில் இருக்கும் பழைய பாறைக்கும் விஷ்ணுவின் பெயர்தான். வயது ஏறக்குறைய 170 கோடி வருஷம். "அப்போ தரிசனக் கணக்கிலேயே சேர்த்துடலாம்" என்றாள் மன்னி.

வடக்கே போக முடியாதவர்களுக்கு

பள்ளத்தாக்கு வேண்டாம், பாலைவனம்தான் வேண்டும் என்பவர்கள் தெற்கே திருச்செந்தூர் பக்கம் போகலாம். குதிரைமொழித் தேரி. காற்று குவித்த செம்மண் மேடுகள், நடுநடுவே பனையும் முந்திரியும். இந்தத் தேரிகளைப் பற்றியும் ஃபூட் 1883-ல் எழுதியிருக்கிறார். தேரிக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். அத்தனை மணலுக்கு நடுவே ஒரு சுனை, அதற்குக் காவலாக ஒரு சாமி. அதிகாலையில் செருப்பில்லாமல் நடக்கலாம். பதினோரு மணிக்குக் கால் வைக்க முடியாது.

கடைசியாகச் சில

சாப்பாடு: முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லி, புளியோதரை. தயிர்சாதம் காலையில் சாப்பிட்டு முடிக்கிற அளவு மட்டும். அப்புறம் ராயலசீமை ராகி சங்கட்டி கிடைக்கிற இடத்தில் விடாதீர்கள். காரம் தாங்காதவர்கள் நெய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: 20 லிட்டர் கேன் ஒன்று டிக்கியில், ஆளுக்கு ஒரு பாட்டில் கையில். கோட்டைக்குள் கடை இருக்கிறது என்று நம்பி நடக்கக்கூடாது.

தொப்பி, டார்ச், பிடிப்புள்ள செருப்பு: பாண்டி பஜாரில் ஒரு சாயங்காலம் போதும்.

காலம்: நவம்பரிலும் டிசம்பர் முதல் பாதியிலும் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் தள்ளிப்போடுங்கள், சென்னையில் கொட்டுகிற மழை அங்கேயும் கொட்டும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அருமை. சனி, ஞாயிறில் பெங்களூர், ஹைதராபாத் கூட்டம் முழுக்க அங்கே இருக்கும், வார நாளில் போங்கள். மே மாதம்தான் பிள்ளைகளுக்கு லீவு என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால், பேசாமல் ஊட்டிக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள்.